நீச்சல் குளத்துக்கும் ஒரு பாத்ரூம் செருப்பு

கேள்வி: டாக்டர், என் பெரிய மகனுக்கு 11 வயது. கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். பிடித்துப்போய் ஐந்து மாதமாக விடாமல் போகிறான். இப்போது வலது குதிகாலில் கால் ஆணி மாதிரி ஒன்று வந்திருக்கிறது. முள் குத்திய மாதிரி இருக்கிறது என்கிறான். கடையில் கார்ன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன், போகவில்லை. சுண்டுவிரல் இடுக்கிலும் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, ஒரே அரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கொடுத்தார்கள். நாலே நாளில் சரியாகி, பத்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது. செருப்பு போட்டுக்கொள் என்றால், வாசலிலேயே கழற்றச் சொல்கிறார்கள் என்கிறான். மாமியாரோ, "நாங்கல்லாம் கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவங்க. செருப்பா போட்டோம்?" என்கிறார். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. அவரும் வாரம் மூன்று நாள் அதே குளத்துக்குப் போகிறார். அடுத்த மாதம் சின்னவனையும் (7 வயது) சேர்ப்பதாக இருந்தோம். பேசாமல் நீச்சலையே நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: நிறுத்த வேண்டாம். ஐந்து மாதம் ஒரு பையன் தானாகவே ஒரு விஷயத்துக்குப் போகிறான் என்றால் அதைக் கெடுக்கக் கூடாது. இருநூறு முந்நூறு ரூபாய் செருப்பு ஒன்றும், நாலைந்து பழக்கங்களும் போதும்.

குதிகாலில் இருப்பதை நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது கால் ஆணியாக இருக்க வாய்ப்பு குறைவு. கால் ஆணி என்பது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து தோல் கெட்டிப்படுவது. பதினொரு வயதுப் பையனுக்கு அது அரிது. இது பெரும்பாலும் உள்ளங்கால் மரு. வீட்டிலேயே பார்க்கலாம். குளித்து முடித்து தோல் ஊறியிருக்கும்போது, நல்ல வெளிச்சத்தில், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கைரேகை மாதிரி காலிலும் ரேகை ஓடும் இல்லையா? கால் ஆணியின் மேல் அந்த ரேகை தொடர்ந்து ஓடும். மரு என்றால் ஓரத்தோடு அறுந்து, சுற்றிக்கொண்டு போகும். நடுவில் ரவையில் விழுந்த மிளகுத் துணுக்கு மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை உறைந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள். முள்ளின் நுனி என்று நினைத்து ஊக்கால் தோண்டி, புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. தோண்டாதீர்கள். இன்னொரு சோதனை: நேராக அமுக்கினால் வலிப்பது கால் ஆணி, இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலிப்பது மரு.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஒட்டிய கார்ன் பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். மருவுக்கும் முதல் மருந்து அதுதான். பிளாஸ்டர் வியர்வையில் நகர்ந்து பக்கத்து நல்ல தோலை அரிப்பதுதான் பிரச்சினை. அதைவிட, சொட்டுச் சொட்டாக வைக்கும் திரவ மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெந்நீரில் ஐந்து நிமிடம் காலை ஊறவைத்து, வெளுத்த மேல்தோலை நகம் தேய்க்கும் அட்டையால் லேசாகத் தேய்த்துவிட்டு வைக்க வேண்டும். அந்த அட்டை அவனுக்கு மட்டும். இரண்டு நாளில் எதுவும் தெரியாது. மூன்று மாதம் வரைகூட வைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிக்காவிட்டால் அவசரமில்லை.

விரல் இடுக்கில் வந்திருப்பது சேற்றுப்புண், ஒரு வகைப் பூஞ்சைத் தொற்று. இந்தப் பெயரை உங்கள் மாமியாருக்கு நினைவுபடுத்துங்கள். நாற்று நடும் பெண்கள் நாள் முழுக்கச் சேற்றில் நின்று கால் ஊறி வந்த புண்ணுக்குத்தான் அந்தப் பெயர். மருதாணி அரைத்து வைப்பார்கள், மஞ்சள் பூசுவார்கள். ஆக, செருப்பில்லாத அந்தக் காலத்திலும் கால் ஒன்றும் பத்திரமாக இருந்துவிடவில்லை. கிணற்று விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் குதித்தார்கள், ஏறினார்கள், வெயிலில் சுட்ட மண்ணில் ஓடினார்கள், கால் காய்ந்துவிட்டது. உங்கள் மகன் போகும் குளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேட்ச்? ஒரு பேட்சுக்கு இருபது பேர் என்று வைத்தாலும் நாற்பது கால்கள். எல்லாக் கால்களும் வெயிலே படாத, காயவே காயாத ஒரே ஷவர் அறைக்குள் நடக்கின்றன.

குளத்துத் தண்ணீரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். ஒழுங்காகப் பராமரிக்கிற குளத்தில் லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் குளோரின் இருக்கும். உங்கள் மகனின் கால் அங்கே போய்வரும் இடங்களிலேயே அந்தத் தண்ணீர்தான் சுத்தம். சங்கடம் தரையில். முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்த காலின் மேல்தோல் ஊறி உப்பியிருக்கும். வழுக்கக் கூடாது என்று குளத்தோரம் சொரசொரப்பாகப் போட்டிருப்பார்கள். ஊறிய தோல் அதில் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் அங்கேயே தங்குகின்றன. அடுத்த பையனின் ஊறிய காலும் அதே இடத்தில் உரசி, கீறிக்கொள்கிறது. மரு வைரஸ் காய்ந்தாலும் சட்டென்று சாகாது. பூஞ்சையோ உரிந்த தோல் துணுக்குக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வைரஸ் உள்ளே போய் மருவாக வெளியே தெரிய ஒன்றிலிருந்து ஆறு மாதம் ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும். ஐந்தாவது மாதத்தில் வந்தது என்கிறீர்கள். கணக்கு ஒத்துப்போகிறது.

போன வருடம் என் மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனபோது, வேறு வேலையில்லாமல் ஷவர் அறை வாசலில் உட்கார்ந்து காலடி பார்த்துக்கொண்டிருந்தேன் (தோல் டாக்டருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எது). உடை மாற்றும் அறை, அங்கிருந்து கழிவறை, பிறகு ஷவர், அப்புறம் குளத்தோரம். மொத்தம் நாற்பது ஐம்பது எட்டு இருக்கும். சாக்கடை மூடியைச் சுற்றி முடியும் ஷாம்பூ நுரையும் தேங்கி நின்றது. கழிவறையிலிருந்து வெறுங்காலோடு வெளியே வந்த ஒரு சிறுவன் அப்படியே ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தான். குளத்துக்குள் இறங்கும் இடத்தில் கால் நனைக்க ஒரு சின்னத் தொட்டி. காலையில் கலந்த மருந்துத் தண்ணீர் பத்து மணிக்கே கலங்கிக் கிடந்தது. அதில் இரண்டு நொடி காலை நனைத்துவிட்டுப் போவதால் எந்தக் கிருமியும் சாகப்போவதில்லை.

செருப்புக்கு வேலை இந்த நாற்பது ஐம்பது எட்டில்தான். தண்ணீரில் இறங்கும்போது கரையில் விட்டுவிடலாம், ஏறியதும் முதல் வேலையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஷவரில் நிற்கும்போதும் கழற்றக் கூடாது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். குளத்திலிருந்து ஷவர் வரை போட்டுக்கொண்டு போய், அங்கே "குளிக்கத்தானே போகிறோம்" என்று கழற்றி ஓரம் வைத்துவிடுவார்கள். அந்தக் கட்டடத்திலேயே மோசமான தரை அதுதான்.

வாசலில் கழற்றச் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் போட்ட செருப்போடு வந்தால் தெருச் சாணியும் மண்ணும் குளத்தோரம் ஏறும், அங்கிருந்து தண்ணீருக்கும் போகும். கழற்றச் சொல்வது வெளிச் செருப்பை. நம் வீடுகளில் பாத்ரூமுக்கென்று தனியாக ஒரு ஜோடி கிடக்குமே, அதே யோசனைதான். வெளியே கால் வைக்காத ஒரு ஜோடியைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகட்டும். வெளிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே இதைப் போட்டுக்கொள்ளட்டும். முதல் நாள் நீங்களே கூடப் போய், அடியைத் திருப்பிக் காட்டி, "இது குளத்துக்கு மட்டும்தான் சார்" என்று கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பதினொரு வயதுப் பையன் தானாகப் போய் இதைப் பேச மாட்டான். மற்ற பையன்கள் சிரிப்பார்களே என்று பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான்.

என்ன செருப்பு? கடைக்காரர் காட்டுவதில் பாதியைத் தள்ளிவிடலாம். துணி வார், தோல் அட்டை, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது எல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கும், பூஞ்சைக்கு அதுவே வீடு. தையலும் மடிப்பும் இல்லாமல் ஒரே வார்ப்பாக வந்த ரப்பர் செருப்பு அல்லது ஈ.வி.ஏ. என்கிற லேசான நுரைச் செருப்பு போதும். பழைய ஹவாய் செருப்பே தாராளம். ஆனால் அடியைப் பாருங்கள். தேய்ந்து மொழுக்கென்றான ஹவாய், ஈர டைல்ஸில் வெறுங்காலைவிட மோசமாக வழுக்கும். அடியில் ஆழமான கோடுகள் இருந்தால்தான் தண்ணீர் விலகி ஓட வழி இருக்கும், தரையைப் பிடிக்கும். ஈ.வி.ஏ.யில் சில வகை லேசாக இருப்பது சரி, வழவழப்பான தரையில் பிடிப்பு குறைவு. ரப்பர் கொஞ்சம் கனம், பிடிப்பு நன்றாக இருக்கும். எனக்கு ரப்பர்தான் பிடிக்கும். வாங்கிய அன்றே உங்கள் பாத்ரூமில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, சுவரைப் பிடித்தபடி பையனை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வழுக்கினால் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தச் செருப்பும் ஓடுவதற்கு இல்லை. குளத்தோரம் ஓடுகிற பையனுக்குச் செருப்பு இருந்தாலும் அடிபடும்.

உங்கள் கணவருக்கு மட்டும் வேறு மாதிரி. சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவருக்கே தெரியாது. கோடையில் வெறுங்காலில் கோவில் பிரகாரம் சுற்றிவிட்டு, மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிற சர்க்கரைக்காரர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "சூடே தெரியலை டாக்டர்" என்பார்கள். மதுரை வெயிலில் திறந்தவெளிக் குளத்தின் கரையும் பிரகாரம் மாதிரிதான். அவருக்கு விரல் இடுக்கில் வார் வரும் ஹவாய் வேண்டாம். ஈரத்தில் உரசி அங்கே புண் வந்தால் அது கவனத்துக்கு வரவே நாலு நாள் ஆகும். பின்பக்கம் வார் உள்ள, அகலமான ரப்பர் சாண்டல் வாங்குங்கள். காலை நுழைத்து மாட்டும் வகையும் அவருக்கு ஆகாது. உணர்ச்சி குறைந்த காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் அவர் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பார். நீந்திவிட்டு வந்ததும் அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்குகள் உட்பட. அவருக்கு இடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, கால் முழுக்கச் சிவந்து வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

அந்த டியூபுக்கு வருகிறேன். நாலு நாளில் சரியாகிப் பத்தாம் நாள் திரும்பி வந்தது என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டியூபின் மேல் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். சிவப்பும் அரிப்பும் உடனே அடங்கும், நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால் பூஞ்சை பாட்டுக்குப் பரவும். இப்படிக் கடையில் கேட்டு வாங்கிப் பூசிப் பூசித்தான் நம் நாட்டில் சாதாரணப் படர்தாமரையே மருந்துக்கு மசியாத நிலைக்கு வந்திருக்கிறது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் இன்றைய பெரிய தலைவலி இதுதான். அந்த டியூபை இத்தோடு விட்டுவிடுங்கள். விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினஃபின் மட்டும் உள்ள கிரீம் ஒன்று அல்லது இரண்டு வாரம், குளோட்ரிமசோல் என்றால் நாலு வாரம் பூச வேண்டியிருக்கும். பையனை ஒரு முறை காட்டி எழுதி வாங்குங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை பூசுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் விரல் இடுக்கு காயாமல் இருந்தால் திரும்ப வரும். வீட்டுக்கு வந்ததும் காலைத் துடைப்பது கடைசியில் இருக்கட்டும், துண்டின் ஒரு முனையை அதற்கென்றே வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வோர் இடுக்காக விரலை விரித்துத் துடைக்க வேண்டும். பையன்கள் பாதத்தின் மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள்: சேற்றுப்புண் ஆறும்வரை, பள்ளிக்குக் கிளம்பும்போது ஜட்டி போடும் முன் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். ஜட்டி பாதத்தை உரசிக்கொண்டு மேலே ஏறும்போது பூஞ்சையையும் தொடை இடுக்குக்குக் கொண்டுபோய்விடும். அங்கே வந்தால் எவ்வளவு அவஸ்தை என்று வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

செருப்புக்கும் இதே கதைதான். ஈரச் செருப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஈரத் துண்டோடு பைக்குள் திணித்து, அடுத்த வகுப்பு அன்று அப்படியே எடுத்துப் போட்டால் செருப்பே நோய் தரும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, பால்கனியில் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். காற்றில் நன்றாகக் காய்ந்தாலே போதும். கொண்டுபோக ஒரு வலைப்பை இருந்தால் நல்லது, காய்கறி வாங்கும் வலைப்பைகூடப் போதும். "ஒரு நிமிஷம் குடுடா" என்று நண்பன் கேட்டால் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். பல் துலக்கும் பிரஷ் மாதிரிதான் அதுவும்.

மரு இருக்கும்வரை நீந்தலாமா என்று கேட்பீர்கள். நீந்தலாம். வாட்டர்புரூஃப் பிளாஸ்டரை மருவின் மேல் ஒட்டிக்கொண்டு போகட்டும், வந்ததும் எடுத்துவிடட்டும். மற்ற பிள்ளைகளுக்காகச் செய்யும் மரியாதை இது. சேற்றுப்புண்ணில் தோல் வெடித்து நீர் கசிந்தால் மட்டும் ஒரு வாரம் லீவு.

செருப்பை நான் பெரிதாகச் சொல்கிறேனே தவிர, பழியெல்லாம் குளத்தின் மேல் போட்டுவிட முடியாது. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. மரு வந்த பிள்ளைகளுக்கு அதிகம் ஒத்துப்போனது நீச்சல் குளமோ பொது ஷவரோ இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது மரு இருந்ததும், வகுப்பில் எத்தனை பேருக்கு இருந்தது என்பதும்தான். அதனால் இன்று இரவே சின்னவனின் பாதத்தையும், உங்கள் எல்லோருடைய பாதத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் எல்லோரும் வெறுங்காலில்தான் நடக்கிறோம், பாத்ரூம் வாசல் மிதியடியும் எல்லோருக்கும் ஒன்றுதான். மரு போகும்வரை பெரியவனுக்குத் தனி மிதியடி, தனித் துண்டு. வீட்டுக்குள் நடக்கும்போதும் மருவின் மேல் ஒரு பிளாஸ்டர் இருக்கட்டும்.

சின்னவனைத் தாராளமாகச் சேருங்கள், முதல் நாளிலிருந்தே செருப்போடு. பெரியவன் ஐந்து மாதம் வெறுங்காலில் பழகிவிட்டான், மாற்றக் கொஞ்சம் நாள் ஆகும். சின்னவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அளவு விஷயம். "வளர்ற பையன்தானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பள்ளி ஷூவுக்கு அது எப்படியோ போகட்டும், ஈரத் தரைக்கு வேண்டாம். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலுக்கு மேல் இடம் இருந்தால் கால் உள்ளேயே வழுக்கும், படியேறும்போது தடுக்கும். இப்போதைய காலுக்குச் சரியாக வாங்குங்கள். ஏழெட்டு மாதத்தில் சின்னதாகிவிடும். அதை எடுத்துச் சின்னவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தூக்கிப் போட்டுவிட்டு அவனுக்கும் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.